பன்னிரண்டு லேத்துகள்

“கேமராவையே தொடாம படம் எடுத்தியா? கம்ப்யூட்டர் முன்னால குந்திக்கினு தட்றதெல்லாம் ஒரு வேலையாம்மா?” என்று, தன் பட்டறைக்கு கிராபிக்ஸில் விளம்பரப் படம் செய்திருந்த ரமீஸாவிடம் இளக்காரமாகக் கேட்டார், காக்களூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பூவராகவன்.

ரமீஸா படத்தை ஓடவிட்டாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே கேமரா நகர்ந்தது. ஒரு லேத்து மங்க, அடுத்தது துலங்க, வரிசையாகப் பன்னிரண்டு வந்தன.

“பொம்மை” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, சிடியை வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் படத்தைப் பார்த்த புனே கம்பெனிக்காரர்கள், ஆர்டர் தருவதற்கு முன் பட்டறையை நேரில் பார்க்க வந்தார்கள்.

மறுநாள் பூவராகவன் அவளிடம் வந்தார். “உன்னால ஆர்டர் பூட்ச்சு.”

“உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு லேத்து. அதைப் பன்னெண்டா காட்டச் சொன்னதே நீங்கதானே சார்?” என்றாள் ரமீஸா.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அந்தப் புனேக்காரங்களுக்கும் ஒரு படம் வேணுமாம். உன் நம்பரைக் கேட்டாங்க.”