எதில் சிவப்பாக விழும்?

இது நான் நேரில் பார்த்ததில்லை. கேமராக் கடையில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் சொன்னது. எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது அவன் வழக்கம். கூட்டியது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் அவனுக்குக் ‘கரி’ என்று பெயர். நிறத்தை வைத்து வந்த பெயர். போன மாதம் ஒரு பெண் வீட்டிலும் அதே நிறத்தைச் சொல்லித்தான் வேண்டாம் என்றார்கள். அந்தக் கடுப்பு ஆறாமல் இருந்த நேரத்தில்தான், ஒரு மத்தியானம் அந்த நர்ஸ் கடைக்கு வந்தார். யூனிஃபார்மோடு, வேர்க்க விறுவிறுக்க.

“பிரசவ வார்டுக்கு ஒரு சின்ன கேமரா வேணும் தம்பி. இருந்தது காலையில கீழ விழுந்து உடைஞ்சுடுச்சு. ஒரு குழந்தையைப் படம் எடுத்து அதோட அம்மாவுக்குக் குடுக்கணும். சாயங்காலம் கொண்டு போயிடுவாங்க. அதுக்குள்ள எடுத்தாகணும்.”

“போன்லயே எடுக்கலாமே சிஸ்டர்?”

“இதை யார் போன்லயும் வெச்சுக்கக் கூடாதுப்பா. எடுத்து, அங்கயே பிரிண்ட் போட்டு, அந்த அம்மா கையில குடுத்துடுவோம்.”

கரி இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தான். இரண்டும் சட்டைப் பையில் அடங்குகிற அளவு. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். சுவரில் இருந்த காலண்டரை இரண்டிலும் எடுத்து, பெரிதாக்கிக் காட்டினான்.

“இதுல பாருங்க, அடியில இருக்கற பொடி எழுத்தைக்கூடப் படிக்கலாம். அதுல எல்லாம் மங்கலாத் தெரியுது. நிறமும் சரியில்ல. எதை எடுத்தாலும் சிவப்பாக் காட்டும். வாங்கினவங்க எல்லாரும் அதைத்தான் குறை சொல்றாங்க. கண்ணை மூடிட்டு முதல் கேமராவை வாங்குங்க சிஸ்டர்.”

“கேமராவை யாராவது கண்ணை மூடிட்டு வாங்குவாங்களா? அந்தப் பெரிய லைட்டையெல்லாம் அணை. ட்யூப்லைட் மட்டும் எரியட்டும்.”

அணைத்தான்.

நர்ஸ் கல்லாவில் கிடந்த ஒரு ரப்பர் பேண்டை எடுத்துத் தன் சுண்டுவிரலில் இறுக்கிச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் விரல் நுனி கறுத்துப் போனது. அதை இரண்டு கேமராவிலும் எடுக்கச் சொன்னார்.

முதல் கேமராவில் விரல் உள்ளபடியே விழுந்திருந்தது. கறுத்து, ரேகை ரேகையாக. இரண்டாவதில் அதே விரல் மழமழவென்று, லேசான சிவப்பில் இருந்தது.

“இதையே குடு.”

“சிஸ்டர், இது பொய்யாக் காட்டுது.”

“தெரியுது. குழந்தை சிவப்பாத் தெரியணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.”

கரிக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு பில் போடும் பெண் வேறு வாயைக் கொடுத்தாள்.

“அதுல நீயும் ஒரு படம் எடுத்து வெச்சுக்கோ. அடுத்த பொண்ணு வீட்டுக்கு அனுப்பலாம்.”

அவன் கேமராவைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

“ஏன் சிஸ்டர், பொறந்த அன்னைக்கே ஆரம்பிச்சுடுவீங்களா? அது என்ன நிறமோ அந்த நிறத்துலயே எடுத்துக் குடுங்களேன். பெத்தவங்களுக்குக்கூடப் பிடிக்காதா? என்னை மாதிரி பொறந்தா குத்தமா?”

நர்ஸ் கோபப்படவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றினார். விரலில் ரத்தம் ஓடி, மெல்லச் சிவந்தது. அதைப் பார்த்தபடியே பேசினார்.

“உன்னை மாதிரி பொறந்திருந்தா அந்த முதல் கேமராவுல ரேகை ரேகையா எடுத்துக் குடுத்திருப்பேன் தம்பி. இது நீலமாப் பொறந்துச்சு. அழவே இல்ல.”

பில் போடும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சாயங்காலம் கொண்டு போயிட்டா, அந்த அம்மாகிட்ட இருக்கப்போறது இந்த ஒரு படம்தான். தூங்கற மாதிரியாவது இருக்கட்டும்.”

“‘கொண்டு போயிடுவாங்க’ன்னதும் வீட்டுக்குத்தான்னு நினைச்சுட்டேன்,” என்று கரி என்னிடம் சொன்னான். அதோடு நிறுத்திக்கொண்டான். கேமராவில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, கார்டைப் போட்டு, பெட்டியைத் தேடக்கூட நிற்காமல், நர்ஸைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான் என்பதைச் சொன்னது பில் போடும் பெண்தான்.

கேட்ட பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு கேமரா நிறத்தை அந்த அளவுக்கா மாற்றும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுத மனம் வரவில்லை. போன வாரம் கடைக்குப் போனேன். அந்த மாடலில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதுவும் கண்ணாடி அலமாரியில் இல்லை. கரியின் மேஜை டிராயரில் இருந்தது.

“அது விக்கறதுக்கு இல்ல,” என்றான். “சிஸ்டர்கிட்ட இருக்கறதும் ஒரு நாள் கீழ விழும்ல.”

ட்யூப்லைட்டை மட்டும் எரியவிட்டு, என் விரலில் ரப்பர் பேண்டைச் சுற்றி எடுத்துப் பார்த்தேன்.

சிவப்பாகத்தான் விழுகிறது.