ஆட்டிடம் சொன்னது

சண்டை போட்ட நான்கு நாளும் குருவம்மாளும் அவள் புருஷனும் ஆட்டின் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "கஞ்சி ஊத்தி வச்சிருக்கு, குடிக்கச் சொல்லு" என்று இவள் ஆட்டிடம் சொல்வாள். "பசிக்கலன்னு சொல்லு" என்று அவரும் ஆட்டிடமே சொல்வார். ஐந்தாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து பதில் வரவில்லை. வீம்பு என்று நினைத்து, திரும்பியும் பார்க்காமல் களையெடுக்கப் போய்விட்டாள். மதியம் வந்தபோது கஞ்சி அப்படியே இருந்தது. அவரும் அப்படியே கிடந்தார், வாய் ஒரு பக்கம் கோணி.

தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸ் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதிலிருந்து பட்டணத்து டாக்டர் கேட்டார்: "கடைசியா எப்பம்மா நல்லா பேசினார்? மூளையில இருக்கிற அடைப்பக் கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்."

"நேத்து ராத்திரி," என்றாள். "ஆட்டுக்கிட்ட."

ஊசி போடவில்லை.

ஏழு மாதமாக அவள் அவர் முகத்தைப் பார்த்தே பேசுகிறாள். "கஞ்சி கொண்டாந்திருக்கேன், வாயத் தொறங்க." கரண்டி உதட்டருகே காத்திருக்கிறது. அவர் உடனே வாயைத் திறப்பதில்லை. கண்கள் மட்டும் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைத் தேடிப் போகின்றன.