மூளைக்கு ஒரு தம்ளர் பாயசம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மகள் கல்யாணத்தன்று வைரவநாதன் உடம்புக்குள் நடந்த பேச்சு இது.

காலையில் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போட்டுக்கொண்ட மனிதர், மதியம் தாண்டியும் ஒரு வாய் சாப்பிடவில்லை. மூளையின் உத்தரவு அப்படி. "பெண்ணைப் பெத்தவன் கடைசிப் பந்தியிலதான் உட்காரணும். அதுதான் கௌரவம்."

ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கியது; உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. இதயம் கல்யாண மேளத்தையும் மிஞ்சி அடித்துக்கொண்டது. "இரைப்பை அக்கா, நான் நின்னுடுவேன் போலிருக்கு!"

இரைப்பை தன் தூதனான பசி ஹார்மோனை அனுப்பியது. அவன் ரத்தத்தில் நீந்திப் போய் முதலில் இதயத்தைத் தடவிக்கொடுத்தான். "பதறாதே தம்பி, மேலே போய்ப் பேசிட்டு வரேன்."

மூளை சீறியது. "பசியா? சம்பந்தி வீட்டார் முதல்ல சாப்பிடட்டும், போடா!"

"போறேன் அண்ணே. ஆனா இப்ப நீங்க கைகூப்பி 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்கிறது சம்பந்தியை இல்லை. வாசல்ல கட்டின வாழைமரத்தை."

மூளை உற்றுப் பார்த்தது. வாழைமரம்தான்.

"அடுத்து மணமேடை முன்னாலயே விழுவீங்க. அது கௌரவமா?"

மூளை கைக்கு உத்தரவு போட்டது. கை நீண்டு, பந்திக்குப் போய்க்கொண்டிருந்த பாயசத்தில் ஒரு தம்ளரை எடுத்தது. பாயசம் மடமடவென்று உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கியது. இதயம் பழைய தாளத்துக்குத் திரும்பியது.

"நான் ஒண்ணும் சாப்பிடலை," என்றது மூளை. "ருசி பார்த்தேன், அவ்வளவுதான்."

"ரொம்ப சரி அண்ணே," என்றது இதயம். "முந்திரி போதுமான்னு இன்னொரு தம்ளரும் பார்த்துடுங்க."