காதில் விழாத எழுத்து

"இன்னொரு தடவை போடுங்கம்மா."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் பின்னறையில் ஒரு பெண்ணின் இரைப்பு மறுபடியும் கேட்டது. 'ஐ... கேம் ப்ரீத்.'

எதிரே இருந்தவர் ஹெட்போனைக் காதோடு அழுத்தியபடி கண்ணை மூடியிருந்தார். "காலேஜ்ல இங்கிலீஷ் உச்சரிப்பு சொல்லித் தர்றவர். அந்தப் பதிவைக் கேட்கணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலாளர் நழுவியிருந்தார். விசாரணைக்கு வந்த ஆள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"அவங்க இங்கிலீஷ்லயே பேசினாங்க, நானும் இங்கிலீஷ்லதான் மூச்சு விட முடியுதான்னு கேட்டேன் சார். 'கேன்', அதாவது 'முடியுது'ன்னு சொன்ன மாதிரிதான் என் காதுல விழுந்துச்சு. இருந்த ஒரே வண்டியை ரோட்டுல அடிபட்டவருக்கு அனுப்பிட்டேன். அடுத்த வண்டி போறதுக்குள்ள அந்தம்மா உயிர் போயிடுச்சு." பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "அவங்க சொன்னது 'கேன்ட்'டாம். முடியலன்னு சொல்லியிருக்காங்க. கடைசி 'ட்'டைக் கோட்டை விட்டுட்டேன்."

"நீங்க விடலைம்மா. அது அங்க இல்லவே இல்லை."

"இல்லையா?"

"தனியா சொன்னா 'கேன்ட்'. பின்னாலயே 'ப்ரீத்' வந்தா, நடுவுல மாட்டின 'ட்' நசுங்கிப் போயிடும். அடுத்த எழுத்துக்கு உதடு மூடுறப்போ 'ன்'னும் 'ம்' ஆயிடும். வேகமாப் பேசினா எல்லார் வாயிலயும் அப்படித்தான் வரும்."

"ஆனா முடியலன்னு சொல்றப்போ 'கே' அழுத்தமா விழும், அதை வெச்சுக் கண்டுபிடிக்கணும்னு பயிற்சியில சொன்னாங்களே சார்." தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னாள்.

அவர் ஹெட்போனைக் காதிலிருந்து சற்றே விலக்கினார்.

"மூச்சே வராதவங்களுக்கு உயிரெழுத்துல ஏதும்மா அழுத்தம்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு கவளம் இறங்கவில்லை. ஆறுதலாக வந்த முதல் வார்த்தை இதுதான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"நீங்க சொல்றது விசாரணையில எடுபடலாம் சார். அவங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருப்பாரே, அவர் நம்புவாரா?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மெல்ல மேசைமேல் வைத்தார்.

"நம்பத்தாம்மா பார்க்குறேன்" என்றார். "என் பொண்டாட்டி குரல். முதல் தடவை எனக்கும் 'முடியுது'ன்னுதான் கேட்டுச்சு."