ஃபேனை மறித்த டப்பா

சாருமதி வீட்டுப் பேசும் ஃப்ரிட்ஜில் இரண்டு நாளாகக் குளிரே இல்லை. மெக்கானிக் தாவூத் அதன் கதவைத் தட்டி, "உனக்கு என்னப்பா பண்ணுது?" என்று கேட்டார்.

அது வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "காற்று வரும் வழியை ஒரு டப்பா அடைத்திருக்கிறது. அதனால் ஐஸ் உறைந்துபோய், ஃபேன் சுற்றவில்லை. டப்பாவில் இருப்பது பன்னிரண்டு நாள் பழைய சாம்பார். வைக்கும்போது சாருமதி அம்மா சொன்ன குறிப்பு: கோகிலாவுக்கு."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் கோகிலாவின் கை அப்படியே நின்றது. சாருமதிக்கு உடம்பெல்லாம் கூசியது. தாவூத் ஸ்குரூடிரைவரைத் தேடுவதுபோல் பைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கோகிலாதான் வாயைத் திறந்தாள். "அது எங்க வீட்டு நாய்க்குண்ணே. நான்தான் அக்காகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போவேன்."

கோகிலா வீட்டில் நாய் கிடையாது, மூன்று பிள்ளைகள்தான் என்பது சாருமதிக்குத் தெரியும்.