மதலைமுத்து வாத்தியாரின் மைக்

காரிமங்கலம் டூரிங் டாக்கீஸில் முதல் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலப் படம் என்பதால், மதலைமுத்து வாத்தியார் திரையருகே மைக்கைப் பிடித்து நின்று வசனங்களைத் தமிழில் சொல்கிறார். படத்தில் வரும், தானாக யோசிக்கும் இயந்திரத்துக்கு அவர் மூக்கால் பேச, மணல்தரைக் கூட்டம் இதுவரை சிரித்துக் கிடந்தது. இப்போது இயந்திரம், தன்னைச் செய்த விஞ்ஞானியிடம், "நான் யாரு?" என்று கேட்கிறது. விஞ்ஞானி மின்சாரத்தை நிறுத்தப் போகிறார். சுவிட்ச் அசையவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் தாமே சாத்திக்கொள்கின்றன. திரையின் சாம்பல் வெளிச்சம் பீடிப் புகையில் மிதந்து முகங்களில் படிகிறது. இயந்திரம் நிதானமாக ஏதோ பேசுகிறது. வாத்தியார் மைக்கை இறக்கிவிட்டுத் திரையையே பார்க்கிறார். புரொஜக்டரின் கடகடப்பு மட்டும் கேட்கிறது. "என்னங்க சார் சொல்லுது?" என்று, சந்தையில் தக்காளி விற்றுவிட்டுப் படம் பார்க்க வந்த பாஞ்சாலி, பெண்கள் பக்கத்திலிருந்து கேட்கிறாள். வாத்தியார் மைக்கை உதட்டருகே கொண்டுபோகிறார். மூக்குக் குரல் வரவில்லை. சொந்தக் குரல்தான் வருகிறது. "நான் யாருன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே உன்னை எதுவும் கேக்கமாட்டேன்." யாரும் சிரிக்கவில்லை. பாஞ்சாலி எழுந்து நின்று, திரையிலிருக்கும் விஞ்ஞானியைப் பார்த்து, "ஐயா, வூட்டுக்கு ஓடிப்போயிருங்க!" என்று கத்துகிறாள். அந்த மனிதர் இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்.