எழுநூற்று எழுபத்து நான்கு

அவள் பெயரின் மேல் சிவப்புக் கோடு.

நோட்டீஸ் போர்டில் அப்படிப் பன்னிரண்டு கோடுகள். எல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்தவை. மதிப்பெண் சராசரி பத்துக்கு ஏழுக்குக் கீழே இருந்தால் கம்பெனித் தேர்வு எழுத முடியாது. பத்து மணிக்குத் தேர்வு நடக்கும் கருத்தரங்கக் கூடத்தின் கதவை மூடிவிடுவார்கள். இந்த வருடம் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்திருப்பதே இந்த ஒரு கம்பெனிதான்.

அவளுக்கு 6.94.

கோடு விழுந்த மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். ரோசலின் அழுதுகொண்டிருந்தாள்.

இவள் அழவில்லை. ஐந்து செமஸ்டர் மதிப்பெண் தாள்களையும் வராந்தாத் தரையில் பரப்பி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் செமஸ்டர் 6. தமிழ் மீடியத்திலிருந்து வந்து, ஒன்றும் புரியாமல் விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுத செமஸ்டர். பாடங்களின் எடையைச் சொல்லும் கிரெடிட் அதற்குப் பதினாறுதான்.

ஐந்தாவது 7.8. அதற்கு இருபத்தைந்து கிரெடிட்.

பிளேஸ்மென்ட் அதிகாரி ஜெபராஜ் சார் ஐந்தையும் கூட்டி, ஐந்தால் வகுத்திருந்தார். அவ்வளவுதான் அவர் கணக்கு.

கால் கிலோ வெண்டைக்காயும் இரண்டு கிலோ வெங்காயமும் ஒரே எடை என்று எந்தக் கடைக்காரனாவது சொல்வானா?

ஒவ்வொரு செமஸ்டரின் சராசரியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கினாள்.

96. 130. 168. 185. 195.

மொத்தம் 774. கிரெடிட் மொத்தம் 110.

ஏழு வர 770 போதும்.

மறுபடி கூட்டினாள். நான்கு அதிகம்தான். கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

அனுமதி கேட்காமலே அதிகாரி அறைக்குள் போனாள். தாளை அவர் மேசையில் வைத்தாள்.

ஜெபராஜ் சார் கால்குலேட்டரைத் தட்டினார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

7.036.

"சரிம்மா, ஆனைக்கும் அடி சறுக்கும். நீ போய் உள்ள உக்காரு. வெளிய ஒண்ணும் சொல்லிக்கிட்டு நிக்காத."

"மத்த பதினோரு பேரு, சார்?"

"அவங்க யாரும் வந்து கேக்கலையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். அதுவும் அவள் தட்டுச் சோற்றில்.

கருத்தரங்கக் கூடத்தின் வாசலில் பியூன் கதவில் கை வைத்தபடி நின்றார். மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவளுடையது. மகள் கம்பெனித் தேர்வு எழுதுகிறாள் என்று ஊரில் அம்மா இந்நேரம் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருப்பாள்.

மணி ஒன்பது நாற்பது.

திரும்பிப் பார்த்தாள். ரோசலின் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம், லேபில் தான் உடைத்த பீக்கருக்கு இவள் பெயரைச் சொன்னவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இவள் தன் தோள்பையைக் கழற்றினாள். கதவு மூட முடியாதபடி நிலைப்படியில் அதை வைத்தாள்.

"யம்மா, என்ன பண்ற?" என்றார் பியூன்.

அவள் நோட்டீஸ் போர்டில் இருந்த பட்டியலைக் கிழித்தெடுத்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தரையில் உட்கார்ந்து பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"ரோசலின். உன் முதல் செமஸ்டர் எவ்வளவு?"